உன் அம்மா சர்வருக்குத் தைத்த உறை

மகனே,

நேற்று நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். பூனாவில் பிடித்திருக்கும் புது வீட்டுக்கு வீடியோக்களைச் சேர்த்துவைத்து டிவியில் ஓட்ட ஒரு மீடியா சர்வர் போடப்போகிறாயாம். எந்தப் பெட்டி வாங்கலாம், எத்தனை எம்பி நெட் லைன் எடுக்கலாம் என்று இரண்டே வரி. கீழே வரிசையாகப் பெட்டிகளின் படம். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. போனில் சண்டை போட்டதிலிருந்து நீ இந்த அப்பனோடு பேசவில்லை, ஆனால் அப்பனுடைய யோசனை மட்டும் வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவன் நீ. அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் சக்கரத்துக்கு அளவு பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாய் என்றால், சமாதானத்துக்கு வழி தேடுகிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். நேராகச் சொல்ல விடாத அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

இதற்கு மெசேஜில் பதில் எழுத எனக்கு வராது. நீ போன பிறகு இந்த வீட்டில் நடந்ததும் உனக்கு முழுசாகத் தெரியாது. பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பொறுமையாகப் படி. உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கை துவண்டு, பேச்சும் நின்றுபோய் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் அழைத்து வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். காட்டுப்பாக்கத்தில் இந்தத் தெரு முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் அவள். வாசலில் நின்று குரல் கொடுத்தால் பூந்தமல்லி ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் போரூரில் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "அம்மா பேசின பழைய வீடியோ இருக்கா சார்? தினமும் ஒரே நேரத்துல போடுங்க. அவங்க குரலோடயே அவங்களச் சேர்ந்து சொல்ல வையுங்க. நடுவுல விட்டுடாதீங்க, மொத சில மாசத்துலதான் பேச்சு நிறைய திரும்பி வரும். இன்னொண்ணு, வார்த்தை வரலன்னா நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. காத்திருங்க." அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் பேசும்போது நடுவில் பேசியே பழகியவன் நான்.

நீ லீவு போட்டு உட்கார்ந்து, நான் அந்தக் காலத்தில் ஹாண்டிகேமில் எடுத்த டேப்புகளையெல்லாம் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டர் வீடியோவாக மாற்றி, உன் காலேஜ் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாய். கேம் விளையாட வாங்கிய முழங்கால் உயரப் பெட்டி அது. டேப்புகள் பூஞ்சை பிடித்திருந்தன, ஒரு முறைதான் ஓடின, இனி ஓடாது என்று கடைக்காரர் திருப்பியே தரவில்லை. ஆக, உன் அம்மாவின் குரல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு டிஸ்கில் இருந்தது. இதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு சாதாரண பேரிங்குக்கு மாற்று இல்லையென்றால் மேனேஜரிடம் சண்டைக்குப் போனவன், இதில் எப்படிக் கோட்டை விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை. எனவே உன் கேள்விக்கு முதல் பதிலைக் குறித்துக்கொள். எந்தப் பெட்டி வேண்டுமானாலும் வாங்கு, டிஸ்க் இரண்டு வாங்கு. ஒன்று செத்தால் இன்னொன்று இருக்க வேண்டும்.

வீடியோ நன்றாகவே ஓடியது. அந்த வீடியோக்களில் உன் அம்மா யாரையும் கொஞ்சியதாக ஒரு காட்சி கிடையாது, எல்லாம் திட்டுத்தான். "யோவ், இன்னாத்துக்குய்யா எப்பப் பாரு அந்தக் கேமராவத் தூக்கிகினு திரியறே? போய் சட்னி அரைச்சிக் குடு" என்று டிவியில் அவள் கத்துவாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இவள் உதட்டை அசைப்பாள். ஒரு நாள் டிவியோடு சேர்ந்து "இன்னாத்துக்குய்யா" என்று முழுசாக வந்துவிட்டது. என்னைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தை திரும்பி வந்ததற்காக நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அந்தச் செய்தியை உனக்குப் போனில் சொன்னேன். ஆனால் உன்னிடம் பேசச் சொல்லி அவளிடம் போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மருமகள் காதில் அந்தத் திக்கல் விழக்கூடாது என்ற வெட்கம். நீ என்மேல் குறைப்பட்டுக்கொண்டாய். என் கையில் ஒன்றும் இல்லை.

நடுவில் ஒரு வாரம் படம் நின்று நின்று ஓடியது. நான் உடனே நெட் லைனைப் பெரிதாக்கினேன். அப்படியும் நின்றது. பிறகு குழாய் போட ரோட்டை வெட்டியவர்கள் நம் தெருவின் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். நெட் சுத்தமாக இல்லை. பதறிப்போய் டிவியைப் போட்டேன். உன் அம்மா அதில் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தாள்! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டியும் டிவியும் ஒரே வீட்டுக்குள் பேசிக்கொள்கின்றன, அதற்கும் வெளியே இருந்து வரும் லைனுக்கும் சம்பந்தமே இல்லை. வைஃபைதான் பலவீனம். உள் அறையில் இருக்கும் ரூட்டரிலிருந்து கதவுச் சட்டத்தை ஒட்டி ஒரு லேன் வயரை இழுத்தேன், தடங்கல் போயிற்று. ஆகவே வீட்டுக்குள் பார்ப்பதற்காகப் பெரிய ப்ளான் போட்டு ஏமாறாதே. ஒரு படம் ஓட எட்டு பத்து எம்பி போதும். நீ ஆபீசிலிருந்தோ நாங்கள் இங்கிருந்தோ உன் வீட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால், உன் வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம்தான் முக்கியம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது உள்ளே வரும் வேகம். அப்லோடு எவ்வளவு என்று கேட்டு வாங்கு. கேட்டால் தலையைச் சொறிவார்கள், விடாதே.

இனி உறைக்கு வருகிறேன். நம் வீட்டில் உறை இல்லாத பொருள் எது? மிக்சிக்கு உண்டு, கிரைண்டருக்கு உண்டு, தையல் மெஷினுக்கு உண்டு, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை மாதிரி ஃப்ரில் வைத்த உறை. எல்லாம் உன் அம்மா மிச்சத் துணியில் தைத்தது. பக்கவாதம் வந்த பிறகு அவள் மெஷின் பக்கமே போகவில்லை. நீ போன பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், இடது கையால் துணியைத் தள்ளி, துவண்ட வலது கையை அதன்மேல் பாரத்துக்கு வைத்துக்கொண்டு எதையோ தைக்கிறாள். உதவிக்குப் போனால் முறைத்தாள். நாள் கணக்கில் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கடைசியில் கொண்டுவந்து உன் சர்வருக்கு மாட்டினாள். அரக்கு நிற லைனிங் துணி, ஓரத்தில் கயிறுபோல் மஞ்சள் பைப்பிங், முன்பக்கம் ஒரு சின்னப் பூ. மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். பாராட்டும்படி அவள் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் கண்ணால் கேட்டாள்.

அதன் பிறகுதான் பெட்டி அணைய ஆரம்பித்தது. அவள் ஒரு வார்த்தையைப் பிடிக்க வாயைக் குவித்துக்கொண்டிருப்பாள், டிவி கருப்பாகிவிடும். மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி கருப்பு. அந்தப் பழைய ஹாண்டிகேம் வீடியோக்கள் டிவிக்கு நேரடியாகப் புரியாதாம், பெட்டிதான் ஓடும்போதே மாற்றி மாற்றிக் கொடுக்கிறது என்று நீதானே சொன்னாய். அந்த வேலையில் அது சூடாகும். சூடு வெளியே போகிற வழியெல்லாம் அரக்குத் துணி. அணைந்து தப்பித்துக்கொண்டது. ஆனால் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. தான் வார்த்தையைத் தவறவிட்டதால்தான் டிவி நின்றது என்பதுபோல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உன்னைக் கூப்பிட்டேன். நாம் பேசியது உனக்கும் நினைவிருக்கும். "சிம்பிள்பா, அந்தக் கவரத் தூக்கிக் குப்பைல போடுங்க. இல்லன்னா எல்லாத்தையும் நெட்ல, க்ளவுட்ல ஏத்திடறேன்" என்றாய். "குப்பையா? அது யாரு தெச்சதுன்னு தெரியுமாடா ஒனக்கு?" என்றேன். "அம்மாகிட்டப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாய். "நீ வந்து சொல்லு. அங்க உக்காந்துகினு யாரு வேணா பேசலாம்" என்றேன். நீ வைத்துவிட்டாய். பிழைப்புக்காகப் போன பிள்ளையை அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று தெரிந்தே குத்தினேன். மன்னித்துக்கொள். பயத்தில் இருந்தேன்.

பிறகு நான் செய்தது அதைவிட மோசம். அவள் குளிக்கப் போகும்போது உறையைக் கழற்றி, பெட்டியை ஆறவிட்டு, அவள் வெளியே வரும் சத்தம் கேட்டதும் மாட்டிவைத்தேன். மூன்று நாள் தப்பித்தேன். நாலாவது நாள் பைப்பிங்கின் முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது என்று மறந்து திருப்பி மாட்டிவிட்டேன். தையல்காரியிடம் இது எடுபடுமா? அவள் பார்த்தாள். உறையை மெதுவாக நேராக்கினாள். மறுநாள் வீடியோ நேரத்துக்கு அவள் வந்து உட்காரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கூப்பிட்டேன், கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வந்திருந்த அந்த "இன்னாத்துக்குய்யா"வும் நின்றுபோனது. போரூர்ப் பெண்ணிடம் போனில் சொன்னேன். "சார், ப்ளீஸ், இப்ப கேப் விட்டா பழைய நெலமைக்குப் போயிடுவாங்க" என்றாள். அவள் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் உன் அம்மா உறையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு பக்கத் தையல் கோணலாக ஓடியிருந்தது, அந்த இடத்தையே தடவினாள். அப்போதுதான் புரிந்தது. தையல் கோணல் என்பதால், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதால், நான் மறைவாகக் கழற்றுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு நன்றாக வருகிற நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே சமயத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக், டக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். சுற்றுகிற ஒரு பொருள் சாகப்போவதை அம்பத்தூரில் காதாலேயே கண்டுபிடித்தவன் நான். அது டிஸ்க். அன்றைக்கே கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓடினேன். கடைக்காரரிடம் வேகம், கோர், மெமரி எதுவும் நான் கேட்கவில்லை. "துணி போட்டு மூடினா தாங்குமா?" என்று கேட்டேன். "பெரியவரே, கம்ப்யூட்டருக்கு யாரு துணி போடுவா?" என்றார். "எங்க ஊட்ல போடுவாங்க" என்றேன். சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஃபேன் கிடையாது, குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும், குறைவாகத்தான் சூடாகும், வீடியோ மாற்றும் வேலைக்கென்றே அதன் சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது என்றார். "ஆனா மொத்தமா மூடக்கூடாது. காத்துப் போக எடம் வேணும்" என்றார். அதையும் இரண்டு டிஸ்கையும், கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ்ஸையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இனிதான் சிக்கல். பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றப் பல மணி நேரம் அந்தப் பெரிய பெட்டி அணையாமல் ஓட வேண்டும். உறையோடு ஓடாது. அவள் கண்முன்னே கழற்றியாக வேண்டும். கழற்றினால் அவளை இழப்பேன், கழற்றாவிட்டால் அவள் குரலை இழப்பேன் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. காலையில் மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு, அவள் நாற்காலியைப் பெட்டியின் அருகே இழுத்தேன். முறைத்தாள். அவளுடைய நல்ல கையைப் பிடித்து, உறைக்குள்ளே விட்டு, பெட்டியின் முதுகில் வைத்தேன்.

வெடுக்கென்று கையை இழுத்தாள். "சுடுது" என்றாள்.

"ஆமா. மூச்சு முட்டுது அதுக்கு. ஒன் தையல்ல ஒரு கொறையும் இல்ல. நான்தான் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றேன். அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்தது. வாய் கோணியது. "யோவ்... வாயில..." என்றாள். நின்றுவிட்டது. உதட்டைக் குவித்தாள். "கொ..." என்றாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பெட்டி டக் டக் என்றது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி "கொ..." என்றாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கொழுக்கட்டையா?" என்றாள்.

சிரித்தேனா அழுதேனா தெரியாது. வாயில் என்ன கொழுக்கட்டையா, முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்கிறாள், பேச்சு வராதவள், என்னைப் பார்த்து! "சுடுது", "கொழுக்கட்டை", இரண்டும் எந்த வீடியோவிலும் இல்லை. நான் எல்லாவற்றையும் மனப்பாடமாகப் பார்த்தவன். டிவியில் இருப்பவளைப் பார்த்துச் சொன்னதல்ல அது. அவளே சொன்னது.

உறையை அவளே கழற்றினாள். டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பச் சொல்லிக் கை காட்டினாள். மத்தியானம் கரண்ட் போனது. பெட்டி புதிதாக வாங்கிய யூபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தது, ஃபேன் நின்றது. அவள் ஒரு அட்டையை எடுத்து இடது கையால் விசிறிக்கொண்டே இருந்தாள், பிள்ளைக்கு ஜுரம் அடிக்கும்போது விசிறுவதுபோல். சாப்பிடக்கூட எழவில்லை. சாயங்காலம் வரை இருவரும் அந்த டக் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு வீடியோ மட்டும் வரவில்லை. உன் முதல் பிறந்தநாள். அதைப் படிக்க முடியாமல் டிஸ்க் நின்றேவிட்டது. எனக்கு மனசு ஒடிந்தது. உன் அம்மா என் தோளைத் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, "வுடு... அவன்... அழுதுகினேதான்... இருந்தான்" என்றாள்.

இப்போது எல்லா வீடியோவையும் டிவிக்கு நேராகப் புரிகிற வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். பெட்டிக்கு வேலையே இல்லை, வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. பழைய உறை அதற்கு, அப்பன் சட்டையைப் பிள்ளை போட்டதுபோல் தொளதொளவென்று இருந்தது. உன் அம்மா அதைப் பிரித்து, அளவெடுத்து, இரண்டு பக்கமும் கொசுவலையை ஜன்னல்போல் வைத்துத் தைத்தாள். கத்தரியைக் கையில் எடுக்கும் முன் என்னைப் பார்த்து, "காத்து... எந்தப் பக்கம் போவும்?" என்று கேட்டாள். நீ அனுப்பிய எந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கவும் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

ஆகவே உன் பட்டியலில் மூன்றாவதாக இருக்கிற சின்னப் பெட்டியை வாங்கு. பெரியது உனக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் பூனாவில் அந்த வீட்டில் அதோடு குடியிருக்கப்போவது உன் மனைவியும்தான். அதன் சத்தத்தையும் சூட்டையும் அவள் தாங்குவாளா, அதன்மேல் அவள் எதை வைப்பாள், எதைப் போர்த்துவாள் என்று அவளையும் கேட்டு வாங்கு. வாங்கியதும் நீளம், அகலம், உயரம் அனுப்பு. உன் அம்மா துணி எடுத்து வைத்துவிட்டாள், இந்த முறை நீல நிறம்.

அளவை எனக்கு மெசேஜில் அனுப்பாதே. அவளுக்குப் போன் செய். எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், மருமகளும் பக்கத்தில் இருக்கலாமாம். நீளத்தைச் சொல்லிவிட்டு நிறுத்து, அவள் திருப்பிச் சொல்லட்டும். வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே. நடுவில் ஒன்றும் கேட்கவில்லையென்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அவள் அங்கேதான் இருப்பாள்.

அப்பா